ஒகினாவா மண்ணுக்குள் இன்னும் கிடக்கும் குண்டுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

1945-இல் ஜப்பானின் ஒகினாவா தீவில் அமெரிக்கப் படைக்கும் ஜப்பானியப் படைக்கும் நடந்த போரில் இறந்தவர்களுக்கான ஜூன் 23 நினைவு நாளைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, தீவின் தென்கோடியில் உள்ள மபுனி குன்றில் நடக்கும் மௌன அஞ்சலியோடு முடிந்துவிட்டது. அந்தத் தீவு மக்களுக்குப் போர் ஆண்டுக்கு ஒருநாள் சங்கதி இல்லை என்பதால் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

மபுனியில் 1995-இல் நிறுவிய கருங்கற்களில் அந்தப் போரில் இறந்த 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. எதிரிப் படையான அமெரிக்கர்களின் பெயர்களும் அதில் உண்டு. பெயரே தெரியாத பச்சைக் குழந்தைகளை 'இன்னாரின் பிள்ளை', 'இன்னாரின் மூத்த மகள்' என்று பொறித்திருக்கிறார்கள். குடும்பப் பதிவேடுகள் போரில் எரிந்துபோயின. சில வீடுகளில் பெயர் சொல்லக்கூட ஆள் மிஞ்சவில்லை. விடுபட்டவர்களை இன்றும் சேர்த்து வருகிறார்கள்.

அந்தப் போரில் ஒகினாவாவில் விழுந்த குண்டுகள் சுமார் 2 லட்சம் டன். நூற்றுக்கு ஐந்து வெடிக்கவில்லை என்று கணக்கிடுகிறார்கள். இத்தனை ஆண்டுகளாக எடுத்தும் ஏறக்குறைய 2,000 டன் மண்ணுக்குள் கிடக்கிறது. 1974-இல் ஒகினாவாவின் தலைநகரான நஹாவில், மழலையர் பள்ளிக்குப் பக்கத்தில் நடந்த சாக்கடை வேலையில் ஜப்பானியப் படை புதைத்த கண்ணிவெடி வெடித்து 4 பேர் இறந்தார்கள். 2009-இல் தீவின் தெற்கே உள்ள இத்தோமான் நகரில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய பொக்லைன் 250 கிலோ குண்டில் இடித்தது. ஓட்டுநர் படுகாயமடைந்தார், அருகிலிருந்த முதியோர் இல்லத்தின் கண்ணாடிகள் நொறுங்கின.

அதனால் சாலை, குழாய் போன்ற அரசு வேலைகளில் முதலில் காந்த உணர்கருவியால் தரையைச் சோதிக்கிறார்கள். கருவி எட்டும் ஆழம் குறைவு. எட்டிய அளவுக்கு மட்டும் மண்ணை எடுத்துவிட்டு, அடுத்த அடுக்கை மறுபடி சோதிக்க வேண்டும். அஸ்திவாரத்துக்கு ஆழமாக பைல் தூண் இறக்கும் இடமென்றால் துளை போட்டு, கருவியை அதற்குள் இறக்கிப் பார்ப்பார்கள். பழைய குழாயும் துண்டுக் கம்பியும்கூடக் குண்டைப் போலவே சைகை காட்டுவதுதான் பெரிய தொல்லை. சைகை வந்த இடத்தில் பொக்லைனை ஓரங்கட்டிவிட்டுக் கையால்தான் மண்ணை விலக்க முடியும். குண்டு தென்பட்டால் போலீசுக்குச் சொல்வார்கள். ஜப்பானின் ராணுவமான தற்காப்புப் படையினர் வந்து, குண்டை வெடிக்கத் தூண்டும் ஃபியூஸின் நிலையைப் பார்ப்பார்கள். சுற்றுவட்டாரத்தை வெளியேற்றிவிட்டு, ஃபியூஸைக் கழற்ற முடிந்தால் கழற்றுவார்கள். துருப்பிடித்து இறுகியிருந்தால் பாதுகாப்புப் பள்ளத்துக்குள் வைத்தே வெடிக்க வைப்பார்கள்.

தனியார் வீடு கட்டுவோருக்கு அரசுச் செலவிலேயே சோதித்துத் தரும் திட்டம் இருக்கிறது. ஆனால் அது கட்டாயமில்லை. வீட்டுக்காரரோ ஒப்பந்ததாரரோ விண்ணப்பித்தால்தான் நடக்கும். அவசரத்தில் யாராவது அதைத் தவிர்த்தால் ஆபத்து முதலில் பொக்லைன் ஓட்டுபவருக்குத்தான். தனியார் மனைகளிலும் அஸ்திவாரம் தோண்டுமுன் இந்தச் சோதனையைச் சட்டப்படி கட்டாயமாக்குவதே முறை. அடுத்த ஜூனில் தங்கள் கட்டுரை இதையும் பேச வேண்டும்.

இப்படிக்கு,
கட்டுமானத் துறை வாசகர்,
திருச்சி