அங்கிட்டுச் சரக்கு பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆடிக் காற்று ஓய்ந்து, கடையில் மறுபடி ஆள் நடமாட்டம் தெரிகிற நேரத்தில் விலையேற்றச் சேதி சொல்வது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று வாரமாக, எங்கள் சரக்கே பொய் என்று சொல்லும் ஒரு வாய்ஸ் மெசேஜ் ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் என்று எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றுகிறது. நேரில் வந்து கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டேன். கேட்காமல் என் முகத்தை மட்டும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்காக இந்த மடல்.

முதலில் விலை. மாசிக் கருவாடு கால் கிலோ 220 ரூபாயாக இருந்தது, இனி 260. பட்டை 100 கிராமுக்கு 15 ரூபாய் கூடுகிறது. தேயிலை பழைய விலைதான். எல்லாவற்றுக்கும் காரணம் கருப்பட்டி. பழைய ஆட்களுக்குத் தெரியும், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கிட்டு, அதாவது அந்தப் பக்கத்துத் தனுஷ்கோடியில், நம் ரூபாய் செல்லாது. 500 ரூபாய் நோட்டைக் காட்டினால் லாட்டரிச் சீட்டா என்று கேட்கிறார்கள். கருப்பட்டியைக் கொடுத்துத்தான் சரக்கு எடுக்க முடியும். இங்கிட்டு சாயல்குடிப் பக்கம் பனையேற ஆளில்லை. ஏறினவர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். சீனி கலக்காத கருப்பட்டிக்குச் சீசனிலேயே அலைய வேண்டியிருக்கிறது. கலந்ததை எடுத்துப் போகலாமே என்பீர்கள். அங்கிட்டு வியாபாரி நகத்தால் ஒரு கீறு கீறி நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒன்றும் பேச மாட்டார். ஓலைக் கொட்டானை அப்படியே என் பக்கம் தள்ளிவிடுவார்.

அப்புறம் நடை குறைந்துவிட்டது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எங்களால் கடக்க முடியாது. 2017-ல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வழியாக அரிச்சல்முனை வரை சாலை போட்டார்கள். ஊருக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. அதற்கு முன்னால் மணலில் ஆடி ஆடி ஒரு வேன் வரும், நாலு பேர் இறங்குவார்கள், போய்விடுவார்கள். இப்போது இடிந்த சுவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்ஃபி. இருட்டிய பிறகு போகலாம் என்றால் செக்போஸ்டில் விடுவதில்லை. போன மாதம் ஒரு புதுமண ஜோடி சர்ச் வாசலில் போட்டோ எடுத்து முடிக்கும்வரை, இருபது கிலோ கருப்பட்டியோடு நாலு மணி நேரம் வெயிலில் நின்றேன். எறும்பு மொய்த்துவிட்டது. மாதம் எட்டு நடை போன இடத்தில் இப்போது இரண்டு நடை போனால் அதிகம்.

சரி, அந்த வாய்ஸ் மெசேஜுக்கு வருகிறேன். "தனுஷ்கோடியும் இல்லை, கினுஷ்கோடியும் இல்லை, எல்லாம் தூத்துக்குடி மார்க்கெட் சரக்கு. அவங்க அப்பத்தா விட்ட கதையை வைத்து அறுபது வருசமா யாவாரம் பண்றாங்க" என்கிறார் அந்த வாடிக்கையாளர். பெயர் சொல்ல மாட்டேன். அவர் அப்பா காலத்திலிருந்தே எங்களிடம் வாங்குகிற குடும்பம்.

தூத்துக்குடி மாசியை நான் மட்டம் என்று சொன்னதே இல்லை. லட்சத்தீவுச் சரக்கு அங்கே வருகிறது, நல்ல சரக்குதான். எங்களுடையது வேறு, அவ்வளவுதான். மாலத்தீவிலிருந்து கொழும்பு வந்து, ரயிலில் தலைமன்னார் வந்து, அங்கிருந்து இர்வின் கப்பலில் தனுஷ்கோடித் துறையில் இறங்குவது. (கப்பல் புதுசு, பெயர் மட்டும் பழசு.) சூரையை நீளவாக்கில் கீறி, உப்புத் தண்ணீரில் அவித்து, புகை போட்டு, கட்டையாகும்வரை வெயிலில் காயவைத்தது. இரண்டு துண்டை எடுத்துத் தட்டிப் பாருங்கள், மரச்செருப்புச் சத்தம் வர வேண்டும். உடைத்தால் உள்ளே கருஞ்சிவப்பாகப் பளபளக்கும். அந்த வாடிக்கையாளர் வாங்கினது நெகிழ்ந்து போனதற்குக் காரணம், ஈரம் துடைக்காத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வைத்தது. அவர் வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சரக்கைப் பற்றிச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அப்பத்தா கதை விட்டாள் என்றதைத்தான் தாங்க முடியவில்லை. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் என்ன நடந்தது என்று இந்தத் தீவில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பாம்பனிலிருந்து போன 653 பாசஞ்சர், ஸ்டேஷன், தபாலாபீஸ், கஸ்டம்ஸ், பள்ளிக்கூடம், எல்லாம் ஒரே ராத்திரியில். தாத்தா துறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசாங்கமே அறிவித்த ஊருக்கு, தையில் அப்பத்தா தனியாக மணலில் நடந்து போயிருக்கிறாள். மறுநாள் விடிகாலையில் திரும்பி வந்தாள். கையில் பனையோலைக் கொட்டான், அது நிறைய மாசி. கூரை என்று ஒன்று நிற்காத ஊரில் அன்றைக்கு யார் கடை விரித்து மாசி விற்றார்கள்? இதற்கு மட்டும் அந்த வாய்ஸ் மெசேஜில் பதில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள் அவள். ரயில் அங்கிட்டு நிற்கிறது, விளக்கு எரிகிறது, புயல் கடலிலேயே வடக்கே திரும்பிப் போய்விட்டதாம் என்று சொன்னதோடு சரி. தாத்தாவைப் பார்த்தாயா என்று கேட்டால் கடைசிவரை "மாசி வாங்கிட்டு வந்தேன்ல" என்பாள்.

சுவரில் மாட்டியிருக்கும் தனுஷ்கோடி–தலைமன்னார் அட்டை டிக்கெட்டைச் சிவகாசியில் அடித்தது என்றும் சொல்கிறார்கள். அங்கிட்டுப் பேப்பர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டச் சொல்கிறார்கள். சேதி எதுவும் கடக்கக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். கொட்டானில் சுற்றிய பேப்பரைக்கூட அங்கேயே உருவிப் போட்டுவிட்டுத்தான் வருவோம். அதை மாற்ற மாட்டேன்.

என் தம்பியைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். தை அமாவாசைக் கூட்டத்துக்கு முந்தின நாள் போனான். இனி வர மாட்டான். சண்டை, பாகப்பிரிவினை எதுவும் இல்லை, யாரும் இட்டுக்கட்ட வேண்டாம். அங்கிட்டு ஸ்டேஷனுக்கு எதிரே எங்கள் அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறாள். இங்கிட்டு அவள் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. அங்கிட்டு அப்பா வேறு இடத்தில் பெண் எடுத்தார். அதனால் அம்மாவுக்கு நாங்கள் யாரும் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. முதல் தடவை போய் உட்கார்ந்தபோது "ஊருக்குப் புதுசா தம்பி?" என்று கேட்டு, சொல்லாமலே இரண்டு இட்லி கூட வைத்தாள். நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்துவிட்டேன். அவனால் முடியவில்லை. இப்போது அங்கே மாவாட்டுகிறான்.

கடக்கிற சக்தி ரத்தத்தோடு வருவது என்பதால் சம்பளத்துக்கு ஆள் போட முடியாது. என் வீட்டுக்காரி ஒருமுறை முயன்று பார்த்தாள், கணுக்கால் பிசகியதுதான் மிச்சம். தம்பி மகள் பிளஸ் டூ படிக்கிறாள், பரீட்சை முடியும்வரை அவளைக் கூப்பிட மாட்டேன். ஆக, நான் ஒருவன். நான் போகிற நாளில் கடை மதியத்துக்கு மேல்தான் திறக்கும். பங்குனியில் தம்பி இல்லாமல் தடுமாறிய ஒரு இரண்டு வாரம் வெளிச் சரக்கும் கொஞ்சம் கலந்து போயிருக்கலாம், இப்போது அப்படி இல்லை.

இத்தனைக்கும் நடுவில் எங்களை விட்டுக்கொடுக்காதவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் குழுவிலேயே எங்களுக்காக வாதாடிய மண்டபத்து டீச்சரம்மாவுக்கும், இருப்பு இல்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பியும் நாலாம் முறை வந்து நின்ற உச்சிப்புளி அண்ணனுக்கும், ரயில் இல்லாத இரண்டே கால் வருடமும் பஸ் பிடித்து வந்து வாங்கிப் போன பரமக்குடி அக்காக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பழைய பாம்பன் ரயில் பாலம் 2022 டிசம்பரில் நின்று, புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும்வரை உங்களால்தான் கடை ஓடியது. பற்று வைத்திருப்பவர்கள் பழைய விலையிலேயே தீர்க்கலாம். காலிக் கொட்டானைத் திருப்பிக் கொடுத்தால் ஐந்து ரூபாய் கழிவு உண்டு.

அங்கிட்டுத் தேடிப் பாருங்கள் என்று அந்த ராத்திரி போனவர்களின் புகைப்படம் கொடுத்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தம்பிதான் அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான், இனி புதிதாக வாங்குவதற்கில்லை. கொடுத்த படங்கள் கல்லாவுக்குக் கீழே பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கின்றன. பதினேழு படம். மூன்றின் பின்னால் அவன் பென்சிலில் ஏதோ எழுதி வைத்திருக்கிறான். நான் படிக்கவில்லை. உரியவர்கள் நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், போனில் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
கடைக்காரர்