முகவரியின் மேற்பாதி எங்கே போகிறது? லினக்ஸ் கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். 64 பிட் முகவரியோ அளவோ 32 பிட் மாறிக்குள் போகும்போது அதன் மேற்பாதி கழிந்துவிடுகிறது. கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) வழக்கமான முறையில் உருவாக்கும்போது, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. வன்பொருளை இயக்கும் டிரைவர் நிரல்களை எழுதுபவன் என்ற முறையில், புதிய நிரல்களை நீங்கள் மறுஆய்வு செய்யும்போதே இதற்குக் கடிவாளம் போடுமாறு கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பிஏஇ என்ற முகவரி நீட்டிப்பு வசதியுள்ள 32 பிட் எக்ஸ்86 இயந்திரத்தில் இயற்பியல் முகவரி 4 ஜிபியைத் தாண்டலாம். ஆனால் நினைவகத்தின் 4096 பைட் துண்டான ‘பக்கத்தின்’ எண்ணைத் தாங்கும் அன்சைன்டு லாங் என்ற எண் வகை அங்கே 32 பிட்தான். 1048576 என்ற எண்ணுள்ள பக்கத்தின் முகவரியைப் பெற அவ்வெண்ணை 12 பிட் இடப்புறம் நகர்த்தினால், 4294967296 வரவேண்டிய இடத்தில் 0 வருகிறது. விடையை 64 பிட் மாறியில் வாங்கினாலும் பயனில்லை, ஏனெனில் வெட்டு அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். நகர்த்துமுன் வகையை மாற்றும் மேக்ரோ (பெயரிட்ட நிரல் துணுக்கு) கெர்னலிலேயே இருந்தும், கையால் நகர்த்தும் வரிகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. படிக்கும் கண்ணுக்கு அவற்றில் குற்றமே தெரியாது என்பதுதான் தொல்லை.

அளவுகளின் கதை இதைவிட மோசம். 2021 ஜூலையில் குவாலிஸ் நிறுவனம் வெளிப்படுத்திய ‘செகோயா’ ஓட்டையில், 1 ஜிபிக்கு மேல் நீளும் பாதையைக் கொண்ட அடைவு (கோப்புறை) ஒன்றை மவுண்ட் செய்து, அதாவது கோப்பு அமைப்பில் இணைத்து, அழித்தபின் மவுண்ட் விவரத்தைப் படித்தால், 2 ஜிபி பஃபரின் (தற்காலிக நினைவிடத்தின்) அளவு, குறை எண்களையும் தாங்கும் 32 பிட் வகையான இன்ட்டுக்குள் அடங்காமல் −2147483648 ஆனது. கெர்னலும் பஃபரின் தொடக்கத்துக்கு வெகு முன்னால், தனக்குரியதல்லாத இடத்தில் எழுதியது. சாதாரணப் பயனர் முழு அதிகாரமுள்ள ரூட் பயனர் ஆவதற்கு அது போதுமாயிருந்தது. 2014இல் வந்த 3.16 பதிப்பிலிருந்தே இருந்த பிழை அது. பஃபரின் உச்ச அளவுக்கு வரம்பு கட்டி அதை அடைத்தார்கள். அவசரத்துக்கு அது சரியே. ஆனால் அந்தத் திருத்தம் இன்ட் வகையைத் தொடவில்லை.

இப்படி மதிப்பு வெட்டுப்படக்கூடிய இடங்களைச் சுட்டும் கம்பைலரின் வகைமாற்ற எச்சரிக்கையை கெர்னல் முழுவதற்கும் இயக்கினால் வெள்ளமாகக் கொட்டும் என்பதை அறிவேன். கேட்டால் மட்டுமே காட்டப்படும் மூன்றாம் நிலை எச்சரிக்கைகளுக்குள் அதை ஒதுக்கியிருப்பதில் நியாயமும் உண்டு. நான் கேட்பது, முகவரியையோ அளவையோ தொடும் புதிய பேட்ச்களில் (திருத்தங்களில்) மாறிய வரிகளுக்கு மட்டும் அந்த எச்சரிக்கையைப் பாருங்கள் என்பதே. அளவு ஒன்று இன்ட்டாகக் குறுகினால், அங்கே அது ஏன் பாதுகாப்பானது என்ற விளக்கத்தை அனுப்பியவரிடம் கேளுங்கள். இயற்பியல் முகவரிக் கணக்கைத் தொடும் பேட்ச் என்றால், 4 ஜிபிக்கு மேல் நினைவகம் கொண்ட 32 பிட் மெய்நிகர் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தபிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
டிரைவர் எழுதும் ஒருவன்