அம்மம்மா நடந்து காட்டிய வீடு

ஆசிரியருக்கு,

வணக்கம்.

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு நாற்சார் வீட்டை, நடுவில் முற்றம் வைத்து நாலு பக்கமும் கட்டிய பழைய வீட்டை, இடித்தார்கள். காலை எட்டு மணிக்கு ஜேசிபி வந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் திரும்பும் நேரத்தில் முற்றத்துத் தூண்கள் நாலும் விழுந்து கிடந்தன. வீட்டுக்காரரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அது அவர்களின் காணி, அவர்களின் காசு. மாரியில் ஒழுகும் கூரையின் கீழ் சட்டி வைத்துவிட்டு நித்திரை இல்லாமல் இருந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஆனால் இடிக்க முன்னர் ஒருவராவது அந்த வீட்டை அளந்து ஒரு தாளில் கீறி வைக்கவில்லை. கேட்டிருந்தால் நானே போயிருப்பேன். நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறேன். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் மனதை அறுக்கிறது.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிக்கும் மூன்றாம் வருட மாணவி. உயர்தரத்தில் சித்திரமும், நாடகமும் அரங்கியலும் எடுத்தேன். அப்பா மேசன். இப்போது நவீன கட்டடக்கலையைத் தேடித்தேடிப் படிக்கிறேன். "கட்டடம், படம், நடிப்பு என்று மூன்றையும் தொட்டால் ஒன்றிலும் கரை சேர மாட்டாய்" என்று சொந்தக்காரர் பலர் அக்கறையோடு சொல்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

நடிப்பிலிருந்து தொடங்குகிறேன். பள்ளிக்கூடத்தில் ஊமம், அதாவது பேசாமல் உடம்பால் மட்டும் நடிப்பது, பழக்கும்போது ஆசிரியை எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இல்லாத கதவு ஒன்றைத் திறந்து உள்ளே போய், தண்ணீர் குடித்து, திரும்பி வரச் சொல்வார். நான் நன்றாகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். "கதவு இடம் மாறிட்டுது பிள்ளை" என்றார். போகும்போது திறந்த இடம் ஒன்று, வரும்போது திறந்த இடம் இன்னொன்று. கைப்பிடியும் ஒருமுறை இடுப்பளவில், மறுமுறை நெஞ்சளவில். மேடையில் இல்லாத சுவரை உன் உடம்பு நம்பாவிட்டால் பார்க்கிறவர் எப்படி நம்புவார் என்று கேட்டார். பிறகு பல நாள் வீட்டில் உண்மையான கதவுகளை எப்படித் திறக்கிறேன் என்று கவனித்தபடி திரிந்தேன். மறைந்த குழந்தை ம. சண்முகலிங்கம் 1978 இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கி நடிப்பை ஒரு பயிற்சியாக இந்த மண்ணில் ஊன்றினார். அந்தப் பயிற்சியின் ஒரு துளி ஏதோ வழியாக எங்கள் வகுப்பறைக்கும் வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

அந்தப் பயிற்சி எனக்கு வேறோர் இடத்தில்தான் விளங்கியது. எங்கள் பூர்வீகம் மயிலிட்டி. 1990 இல் இடம்பெயர்ந்த குடும்பம். நான் பிறந்ததும் வளர்ந்ததும் மல்லாகத்தில். 2017 இல் மயிலிட்டித் துறைமுகமும் சுற்றியிருந்த காணிகளும் இராணுவத்திடமிருந்து விடுபட்ட பிறகு, அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல்தடவை போனோம். வீடு இல்லை. எருக்கலையும் பற்றையும். கிணற்றுக்கட்டு பாதி, சிவப்புச் சிமெந்து பூசிய வாசற்படி ஒன்று, அவ்வளவுதான். மாமா அழுதார். அம்மம்மா அழவில்லை. படிக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார். ஏறினார். நாலைந்து அடி நேரே நடந்து வலப்பக்கம் திரும்பினார். ஓரிடத்தில் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக நகர்ந்தார். அங்கே நெல்லுப் பெட்டகம் இருந்ததாம். இன்னோர் இடத்தில் தலையைக் குனிந்தார். பின்னால் போன எனக்குத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "இஞ்ச குனி பிள்ளை, சாமியறை நிலை பதிவு."

நான் குனிந்தேன். வெறும் வெயிலுக்குள் குனிந்தேன். அன்றைக்கு அதை ஒரு துக்கமாக மட்டும்தான் பார்த்தேன். நடிப்புப் படித்த பிறகு நினைத்துப் பார்த்தால், அம்மம்மாவின் கதவு ஒரு தடவைகூட இடம் மாறவில்லை.

சரி, கட்டடக்கலைக்கு வருகிறேன். ஐரோப்பாவின் நவீன கட்டடக்கலையைப் படிக்கும்போது ஜேர்மனியின் பௌஹவுஸ் பள்ளியைப் படித்தே ஆக வேண்டும். 1919 இல் வைமாரில் தொடங்கி, டெஸ்ஸௌவுக்கு மாறி, 1933 இல் மூடப்பட்ட பள்ளி. கட்டடமும் ஓவியமும் நெசவும் ஒரே கூரையின் கீழ் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அங்கே நாடகப் பட்டறையும் இருந்தது என்பதைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதை நடத்திய ஒஸ்கார் ஷ்லெம்மர் ஓவியரும்கூட. ஒரு மனிதன் நடுவில் நிற்க, அறையின் நாலு மூலையிலிருந்தும் கோடுகள் ஓடிவந்து அவன் உடம்பைச் சுற்றும் வரைபடம் ஒன்று அவருடையது. மூன்றையும் தொடாதே என்று எனக்குச் சொல்கிறவர்களுக்கு அந்தப் படத்தைக் காட்ட ஆசை.

கட்டடக் கலைஞர் லு கோர்பூசியே 1940களில் மனித உடம்பிலிருந்து ஓர் அளவுமுறை உருவாக்கினார். அதில் வரும் மனிதனின் உயரம் 183 சென்ரிமீற்றர். கையைத் தூக்கினால் 226. உடம்பிலிருந்து கட்டடத்தை அளக்க வேண்டும் என்பது எனக்கு மிகவும் பிடித்த எண்ணம். ஆனால் அந்த ஆறடி ஆணின் பக்கத்தில் அம்மம்மாவை நிறுத்திப் பார்க்கிறேன். ஐந்தடியைத் தொடாத பெண். அவருடைய அடுப்புத் திட்டும் கிணற்றுக்கட்டும் உறியும் எந்த உயரத்தில் இருக்க வேண்டும்? மயிலிட்டி வீட்டில் அவை அவருடைய உயரத்துக்கே இருந்தன. கட்டிய மேசனுக்கு அவரைத் தெரியும்.

எங்கள் நாட்டில் இதை யோசித்தவர்கள் உண்டு. கண்டியில் பிறந்த மினெற் டி சில்வா 1948 இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் சங்கத்தில் சேர்ந்த முதல் ஆசியப் பெண். தான் கட்டிய நவீன வீட்டின் கதவுகளில் தும்பறைப் பாய் நெசவைப் பதித்தவர். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பின் நடுவில் ஒரு சிறிய காணியில் பத்திக் கலைஞர் எனா டி சில்வாவுக்கு ஒரு வீடு கட்டினார். நடுவில் பெரிய முற்றம், சுற்றிவரத் தூண், விறாந்தை. இலங்கையின் நவீன கட்டடக்கலையைப் பேசுகிறவர்கள் விடாமல் சொல்லும் வீடு அது. படத்தை அப்பாவுக்குக் காட்டினேன். கனநேரம் பார்த்துவிட்டு, "உது எங்கட நாற்சார் வீடெல்லே" என்றார்.

அப்பாவிடம் இப்போது வருகிறவர்கள் கேட்பது "மொடேர்ன் வீடு". தட்டைக் கூரை, முழு உயரக் கண்ணாடி, அலுமினிய யன்னல், வழுக்கும் மாபிள். சோளகக் காற்று எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்த்து வாசல் வைத்த ஊரில், பங்குனி சித்திரை வெயிலைக் கண்ணாடிக்குள் பிடித்து வைத்துவிட்டு ஏசி பூட்டுகிறார்கள். நவீனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைத்தான் விரும்பிப் படிக்கிறேன். நவீனத்தைப் படித்தவர்கள் தேடிப்போய் எடுத்த முற்றத்தை, நவீனம் என்ற பெயரிலேயே நாங்கள் இடிக்கிறோம் என்றுதான் சொல்கிறேன்.

எனா டி சில்வாவின் வீட்டுக்கும் ஒருநாள் அந்த முடிவு வந்தது. காணி கைமாறியது. ஆனால் அதைக் கழற்றினார்கள். கல்லுக்கும் தூணுக்கும் கதவுக்கும் இலக்கம் போட்டுக் கழற்றி, பெந்தோட்டைக்கு அருகில் பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் கட்டினார்கள். அதற்கு எவ்வளவு பணம், எவ்வளவு ஆள் வேண்டும் என்று தெரியும். எங்கள் ஒழுங்கை வீட்டுக்கு அதை நான் கேட்கவில்லை. ஒரு தாளைத்தான் கேட்கிறேன்.

தாளில் என்ன வரும் என்று கேட்பவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் பயிற்சி வேலை ஒன்றுக்காக, அம்மம்மாவை மல்லாகத்தில் எங்கள் பின்வளவில் நடக்கச் சொன்னேன். வாசற்படி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தோம். அவர் அன்றைக்கு மயிலிட்டியில் நடந்த மாதிரியே நடந்தார். எங்கே திரும்பினாரோ, எங்கே நின்றாரோ, அங்கெல்லாம் பின்னால் போய்ச் சுண்ணாம்புத் தூள் போட்டேன். அப்பா கோடுகளை அளந்தார். நான் கணித அப்பியாசக் கொப்பியில் ஒரு சதுரம் ஓரடி என்று கீறினேன். பின்னேரம் முடிய நாற்பத்தொரு அடி நீளம், முப்பத்தாறு அடி அகலத்தில் ஒரு வீடு தாளில் இருந்தது. முற்றம் பதினான்குக்குப் பன்னிரண்டு.

அப்பாவுக்கு அது பெரிதாக நம்பிக்கை இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாகப் பார்க்காத வீட்டை ஒரு வயதான மனிசி எப்படி அடி அளவில் நடந்து காட்டுவார் என்று கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியும் என் கொப்பியும் கொண்டு மயிலிட்டிக்குப் போனார். நானும் போனேன். வாசற்படியிலிருந்து அளந்து, சாமியறை மூலை என்று கொப்பி சொன்ன இடத்தில் வெட்டினார். ஒரு சாண் ஆழத்தில் சுண்ணாம்புக்கல் அத்திவாரம் தட்டுப்பட்டது. தூக்குக்குண்டும் மட்டக்கோலும் இல்லாமல் நடந்த அம்மம்மாவுக்கும் அந்தக் கல்லுக்கும் இடையில் அரையடிதான் வித்தியாசம். அப்பா மண்வெட்டியை வைத்துவிட்டு அந்தக் கல்லைக் கையால் துடைத்தார். கூடத்தின் அத்திவாரமும் அப்படியே கிடைத்தது. குசினியின் அளவு மட்டும் பிழையாக இருந்தது. அம்மம்மா நடந்து காட்டியதைவிட அது மூன்றடி சின்னது. ஏன் என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

எங்கள் ஓவியர் தா. சனாதனன் 2011 இல் இந்த வேலையை ஒரு பெரிய நூலாகவே செய்திருக்கிறார். இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து கீறினார்கள். அந்தக் கீறல், அதையொட்டிய ஒழுங்கான கட்டட வரைபடம், பிறகு ஓவியரின் சொந்தப் படம் என்று அது போகும். ஒல்லாந்தர் காணிகளைப் பதிந்த தோம்பின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். பல்கலைக்கழகத்தில் அதைப் புரட்டியபோது, ஆட்கள் கீறிய படங்களில் சுவரைவிட மாமரமும் கிணறும் பெரிதாக இருப்பதைப் பார்த்தேன். அம்மம்மாவின் குசினியை அப்போதுதான் ஓரளவு விளங்கிக்கொண்டேன்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது ஞாயிறு பதிப்பில் கால் பக்கம். கிழமைக்கு ஒரு வீடு. இடிபடப் போகிற வீடோ, ஏற்கெனவே இல்லாமற்போன வீடோ, அதன் பிளானும் அதில் இருந்த ஒருவர் சொல்லும் பத்து வரியும் போதும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. தீவுப்பகுதியிலும் வடமராட்சியிலும் வலிகாமத்திலும் எண்பது வயது தாண்டியவர்கள் எத்தனையோ பேர் இப்படி ஒரு வீட்டை உடம்பில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். என் அம்மம்மாவுக்கு எண்பத்தொன்று. இப்போது முழங்கால் ஏலாது. இன்னொருமுறை நடந்து காட்டச் சொல்லிக் கேட்க எனக்கு மனம் வராது.

சித்திரமும் நாடகமும் படிப்பிக்கும் ஆசிரியர்களிடமும் கேட்கிறேன். உங்கள் மாணவர்களைச் சோடியாக அனுப்புங்கள். நாடகப் பிள்ளை வயதானவரோடு நடக்கட்டும், சித்திரப் பிள்ளை கீறட்டும். அறையை அளக்கும்போது நீளம் அகலத்தோடு மூலைக்கு மூலையும் அளக்க வேண்டும். எங்கள் பழைய அறைகளில் நேர்மூலை குறைவு. அப்பா சொல்லித்தந்தது அது. திண்ணையின் உயரம், நிலையின் உயரம், படியின் அகலம் மூன்றையும் விடக்கூடாது. அங்கேதான் அந்த வீட்டு ஆட்களின் உடம்பு இருக்கிறது. மத்தியானம் முற்றத்து வெயில் எதுவரை வரும், மாரித் தண்ணீர் எந்தப் பீலியால் ஓடும், பிள்ளைகள் எங்கே படுத்தார்கள் என்பதை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் படம் எடுங்கள், ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். போட்டோவில் சுவர் தெரியும், அதன் தடிப்புத் தெரியாது.

வீடு இடிக்கப் போகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன். ஜேசிபிக்குச் சொல்லும் நாளுக்கு ஒரு கிழமை முதல் எங்களில் ஒருவருக்கும் சொல்லுங்கள். என்னிடம் முப்பது மீற்றர் நாடா இருக்கிறது. சனி, ஞாயிறு வகுப்பு இல்லை. மல்லாகத்திலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரமென்றால் நானே வருகிறேன். அப்பாவும் வேலையில்லாத நாட்களில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கலை வரலாற்று மாணவி,
மல்லாகம்.