‘க்கு’ விட்டுப்போனால் எல்லை மாறும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு அறிவிப்பிலும் அலுவலகக் கடிதத்திலும் பிழை மலிந்துவிட்டது என்று யாராவது குறைப்பட்டால், ‘விஷயம் புரிகிறதல்லவா, அது போதும்’ என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. எழுதியவர் எதிரில் இருக்கும்வரை அது சரிதான்; சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ளலாம். கிரயப் பத்திரமும் பாகப்பிரிவினையும் உயிலும் அப்படியல்ல. எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர், சாட்சி எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகுதான் பல பத்திரங்கள் வரிக்கு வரி படிக்கப்படுகின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒற்று விட்டுப்போனதற்காக யார் நிலமும் கைமாறுவதில்லை. ‘சொத்துகளா, சொத்துக்களா’ என்று உரிமையியல் நீதிமன்றத்தில் யாரும் வாதிடுவதில்லை. ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய் தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்’ என்ற பழைய தொடரைப் பார்த்து, இது தமிழா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வழிவழியாக வைத்துக்கொள்ளவும், தானம் கொடுக்கவும், பரிவர்த்தனை செய்யவும், விற்கவும் உரிமை உண்டு என்பதை அந்தத் தொடர் ஐயமின்றிச் சொல்லிவிடுகிறது; பத்திரத்துக்கு அது போதும். குடியைக் கெடுப்பவை வேறு: வேற்றுமை உருபு, காலம் காட்டும் சொல், ‘அவர்’, ‘மேற்படி’ என்ற சுட்டு.

செக்குபந்தியை, அதாவது பத்திரத்தில் நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியைப் பாருங்கள். ‘வாய்க்காலுக்கு வடக்கு, பஞ்சாயத்து ரோட்டுக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்குத் தெற்கு, இன்னார் தோப்புக்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள நிலம்’ என்று எழுதுவது மரபு. வாய்க்காலுக்கு வடக்கே நிலம் இருக்கிறது என்றால், நிலத்துக்குத் தெற்கே வாய்க்கால் ஓடுகிறது என்று பொருள். அந்த ‘க்கு’ ஒன்று விட்டுப்போய் ‘வாய்க்கால் வடக்கு’ என்று நின்றால், வடக்கே வாய்க்கால் என்றும் படிக்கலாம். நிலம் கரை தாண்டி மறுபக்கம் போய்விடும். நான்கு வரியிலும் விட்டுப்போனால் படம் அப்படியே தலைகீழ். ஒரு வரியில் மட்டும் விட்டுப்போவது அதைவிட மோசம். அப்போது நான்கு எல்லையும் ஒன்றோடொன்று பொருந்தாது.

இப்போது இந்தக் குழப்பம் கூடியிருக்கிறது. இணையவழிப் பதிவில் எல்லை விவரத்தைத் திசைவாரியாகப் பிரித்து நிரப்ப வேண்டும். வடக்கு என்ற கட்டத்தில் நிலத்துக்கு வடக்கே என்ன இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். பழைய பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துத் தட்டச்சு செய்பவர், அதில் ‘வடக்கு’ என்ற சொல் கண்ணில் பட்டதும் ‘வாய்க்கால்’ என்று அந்தக் கட்டத்தில் போட்டுவிடுகிறார். பத்திரத்தில் ஒரு திசையும் வில்லங்கச் சான்றில் எதிர்த்திசையுமாக விழுந்துவிடுகிறது. வங்கிக்குக் கடனுக்குப் போகும்போதுதான் சட்ட ஆலோசகர் கண்ணில் படும். ‘விஸ்தீரணம் சரியாக இருக்கிறதே’ என்று சமாதானம் சொல்லிப் பயனில்லை. அளவும் எல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைக்கே முதலிடம் கொடுக்கின்றன.

இன்னொரு பொறி ‘கீழ்’, ‘மேல்’. தமிழில் கீழ் என்றால் கிழக்கும் ஆகும், அடியும் ஆகும்; மேல் என்றால் மேற்கும் ஆகும், உயரமும் ஆகும். ஓட்டு வீட்டுக் காலத்தில் ‘கீழ்பாகம் மூத்தவனுக்கு, மேல்பாகம் இளையவனுக்கு’ என்று எழுதியதில் சிக்கல் இல்லை. மாடி எழும்பிய வீட்டுக்கும் அதே வாசகத்தைப் போட்டால், தரைத்தளமா கிழக்குப் பாதியா என்று அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு அர்த்தம் சொல்லலாம். இரண்டுமே நல்ல தமிழ்தான். கட்டடப் பாகப்பிரிவினையில் ‘கிழக்குப் பாதி’, ‘தரைத்தளம்’, ‘முதல் மாடி’ என்று விரித்தே எழுத வேண்டும். கிழமேல் (கிழக்கு மேற்காக), தென்வடல் (தெற்கு வடக்காக) அளவுகளில் இந்தச் சங்கடம் கிடையாது. ஆனால் ‘கிழமேல் வடபுறம் 30 அடி, கிழமேல் தென்புறம் 32 அடி’ என்று பக்கம் குறிப்பிட்டு எழுதாமல், ஒரே அளவாக எழுதினால் கோணலான மனை செவ்வகமாகிவிடும்.

எண்ணிலும் எழுத்தின் வேலை உண்டு. 0.40.50 ஹெக்டேர் (ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் என்ற வரிசை) ஏறத்தாழ ஒரு ஏக்கர், 0.04.05 ஏறத்தாழ 10 செண்ட். அளவை எழுத்தாலும் எழுதச் சொல்வது இதற்காகத்தான். தமிழ் எண்கள் உள்ள பழைய மூலப்பத்திரத்தைப் படி எடுக்கும்போது ‘அ’ போலத் தெரிவது 8 ஆகவும், ‘எ’ போலத் தெரிவது 7 ஆகவும் இருக்கக்கூடும். நிலத்தின் சர்வே உட்பிரிவு எண் இப்படியும் தவறிவிடும்.

காலம் காட்டும் சொல் இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. ‘இந்தச் சொத்தை இன்று முதல் உனக்கு உரிமையாக்கிக் கொடுத்து, என் ஆயுள்வரை வருமானத்தை மட்டும் நான் அனுபவித்துக்கொள்வேன்’ என்றால் அது செட்டில்மெண்ட். உரிமை அன்றைக்கே போய்விட்டது, நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. ‘என் ஆயுள்வரை நானே சகல உரிமையுடன் அனுபவித்து, எனக்குப் பின் நீ அடைய வேண்டியது’ என்றால் அது உயில். உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம், ரத்து செய்யலாம். மேலே என்ன தலைப்புப் போட்டிருக்கிறது என்பதை வைத்து நீதிமன்றம் முடிவு செய்வதில்லை, உள்ளே உள்ள வாசகத்தைத்தான் பார்க்கும். இரண்டு மாதிரிப் பத்திரங்களிலிருந்து பாதி பாதி வெட்டி ஒட்டி, முதல் பத்தியில் ‘இன்றே கொடுத்தேன்’, மூன்றாம் பத்தியில் ‘எனக்குப் பின் அடைய வேண்டியது’ என்று வைப்பதுதான் இன்று அதிகம் நடக்கிற தவறு. ‘மேற்படி நபர்’ பற்றியும் ஒரு வார்த்தை: மேலே மூன்று பேர் இருக்கும்போது மேற்படியார் யார்? பெயரையோ ‘கிரயம் பெறுபவர்’ என்ற நிலையையோ ஒவ்வொரு முறையும் எழுதினால் அரைப் பக்கம் கூடும், அவ்வளவுதான்.

பிழைத்திருத்தல் பத்திரம் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போடலாம், எழுதிக்கொடுத்தவர் உயிரோடும் மனமுவந்தும் இருந்தால். இறந்துவிட்டால் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் 1963ஆம் ஆண்டுக் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் (Specific Relief Act) 26ஆம் பிரிவில், பத்திரத்தைத் திருத்தக் கோரி வழக்குதான். ‘நாங்கள் பேசியது இது’ என்று சாட்சி சொல்லிப் பத்திர வாசகத்தை மாற்றவும் பொதுவாக முடியாது. எழுதிய நிபந்தனைக்கு முரணான வாய்மொழிச் சாட்சியத்தை 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 92ஆம் பிரிவு தடுத்தது; 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது.

கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியது அதிகமில்லை. சொத்து விவரத்தை மட்டும் தனியாக, அந்த இடத்தைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்துப் படம் வரையச் சொல்லுங்கள். அந்தப் படத்தோடு நிலத்தில் வடக்கு முகமாக நின்று ஒவ்வொரு பக்கமாக ஒப்பிடுங்கள். பொருந்தாத இடத்தில் பிழை இருக்கும். பிறகு முழுப் பத்திரத்தையும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் மூலப்பத்திரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும். அடித்தல், சேர்த்தல் இருந்தால் அந்த இடத்திலேயே எழுதிக்கொடுப்பவர் கையொப்பமோ சுருக்கொப்பமோ இடவேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அதைத்தான் கேட்கிறது.

பதிவுத் துறையிடம் ஒரு கோரிக்கை. இணையப் படிவத்தின் எல்லைக் கட்டங்களில் வெறுமனே வடக்கு, தெற்கு என்று இருப்பதற்குப் பதிலாக ‘சொத்துக்கு வடக்கே இருப்பது’, ‘சொத்துக்குத் தெற்கே இருப்பது’ என்று தலைப்பிட்டால் நல்லது. இதற்குச் சட்டத் திருத்தம் ஏதும் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓர் ஆவண எழுத்தர்,
தஞ்சாவூர் மாவட்டம்.