செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: நிருபர் பந்தலில் யாருக்கு இடம்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, மூத்த நிருபர்களே, இணையத்தில் எழுதும் இளைய உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் விளையாட்டு எழுத்தாளர் சங்கம் செய்த வேலைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இந்த ஆண்டு ஒரே ஒரு விவகாரம், பத்திரிகை நிருபர்களுக்கும் இணையப் பதிவர்களுக்கும் இடையிலான மோதல், சங்கத்தின் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

முதலில் அஞ்சலி. 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சேப்பாக்கத்தில் ஆடி, ரன்கள் சமமாகி 'டை' ஆன டெஸ்டை அங்கேயே உட்கார்ந்து எழுதிய நம் மூத்த உறுப்பினர் இந்த ஆண்டு காலமானார். கடைசிவரை மாதக் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்தவர். அவர் விட்டுச்சென்ற பழைய ஸ்கோர் நோட்டுகளை அவர் குடும்பத்தார் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு நம் நன்றி. நூலக அலமாரியில் அவற்றுக்குத் தனி அடுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

புதிதாகச் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே இணையத்தில் எழுதுபவர்கள், அல்லது யூடியூபில் பேசுபவர்கள். ஒரு நாளிதழ் நிருபர்கூடப் புதிதாகச் சேரவில்லை. விவகாரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கோடையில் நம் வட்டாரத்தில் நடந்த ஒரு கிரிக்கெட் போட்டியில், நிருபர்களுக்காகப் போட்ட பந்தலில் நம் இளைய உறுப்பினர்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்ததும் நடத்தியவர்கள் அவர்களை எழுந்திருக்கச் சொல்லிவிட்டார்கள். அந்த இருவரும் காலை முதல் பந்திலிருந்து ஆட்டத்தைப் பார்த்தவர்கள். மறுநாள் அவர்களில் ஒருவர், மைதானத்துக்கே வராமல் போனில் ஸ்கோர் கேட்டு எழுதும் நிருபர்களைப் பற்றிக் கடுமையாக எழுதினார். பெயர் சொல்லவில்லை. ஆனால் யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மூத்தவர்கள் சிலர் அவரைச் சங்கத்திலிருந்து நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள். இளையவர்கள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினார்கள்.

செயற்குழு கூடிப் பேசி, யாரையும் நீக்குவதில்லை என்று முடிவுசெய்தது. அதற்குப் பதில், இந்தச் சண்டை மற்ற இடங்களில் எப்படி நடந்தது, எப்படி முடிந்தது என்று தொடர்ந்து சில மாதக் கூட்டங்களில் பேசினோம். ஆரம்பத்தில் நாற்காலிகள் இரண்டு பக்கமாகப் பிரிந்துதான் கிடந்தன.

முதல் கூட்டத்தில் அமெரிக்கக் கதை. 2008 ஏப்ரலில் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் விளையாட்டு வர்ணனையாளர் பாப் காஸ்டஸ் நடத்திய நிகழ்ச்சி அது. ஒரு பக்கம் பஸ் பிஸ்ஸிங்கர், பத்திரிகைப் பணிக்காகப் புலிட்சர் பரிசு வாங்கியவர். இன்னொரு பக்கம் வில் லீட்ச், 2005இல் டெட்ஸ்பின் என்ற விளையாட்டுத் தளத்தைத் தொடங்கியவர். பிஸ்ஸிங்கர் கையில் ஒரு கோப்போடு வந்து, எடுத்த எடுப்பிலேயே வசைச்சொல்லோடு ஆரம்பித்தார். டபிள்யூ.சி. ஹைன்ஸ் என்ற பழைய விளையாட்டு எழுத்தாளரைப் படித்திருக்கிறாயா என்று கேட்டார். லீட்ச் படித்திருந்தார். பின்னாளில் பிஸ்ஸிங்கர் தான் பேசிய விதத்துக்கு வருந்தினார். இதைக் கேட்டபோது நம் கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. இளையவன் எதையும் படித்திருக்க மாட்டான் என்ற நினைப்பு நம்மிடமும் இருக்கிறது. அதை இங்கே பதிவுசெய்வது என் கடமை.

டெட்ஸ்பின் தளத்தின் முழக்கத்தில் அப்போது ஒரு செய்தி இருந்தது: அனுமதியும் இல்லை, சலுகையும் இல்லை, நாசூக்கும் இல்லை. உடைமாற்றும் அறைக்குள் போக அனுமதி வாங்கினால், அதை இழந்துவிடுவோமோ என்ற பயம் எழுத்தில் புகுந்துவிடும் என்பது அவர்கள் வாதம். இதை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் தள்ளிவிடவும் முடியாது என்று 2013 ஜனவரி காட்டியது. நோட்ரடேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர் மான்டை டேயோ, பாட்டியையும் காதலியையும் ஒரே சமயத்தில் இழந்த துயரத்தோடு ஆடியதாக முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் பெரிய பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் உருகி எழுதின. பாட்டி இறந்தது உண்மை. அந்தக் காதலி இருந்ததே இல்லை. யாரோ இணையத்திலும் போனிலும் உருவாக்கி அவரை ஏமாற்றியிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தவர்கள் டெட்ஸ்பினில் இருந்த இருவர். ஒரு மின்னஞ்சல் தகவல் வந்தது. அதை வைத்து இறப்புப் பதிவைத் தேடினார்கள், அந்தப் பெண் படித்ததாகச் சொல்லப்பட்ட ஸ்டான்ஃபோர்டில் விசாரித்தார்கள். எந்தத் தடயமும் இல்லை. கண்ணீர்க் கதை எழுதிய அத்தனை பேரில் ஒருவர் இந்த விசாரணையைச் செய்திருந்தால் போதும், அது அன்றே உடைந்திருக்கும்.

இதைக் கேட்டு நம் இளையவர்கள் கை தட்டினார்கள். அப்புறம் ராவுல் இபான்யெஸ் கதையைச் சொன்னோம். 2009இல் பிலடெல்ஃபியா ஃபில்லீஸ் பேஸ்பால் அணியில் 37 வயதில் அவர் வழக்கத்தைவிட அதிகமாக ஹோம் ரன் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு வலைப்பதிவர் எண்களையெல்லாம் அலசிப் பார்த்துவிட்டு, ஊக்க மருந்தாக இருக்குமோ என்ற சந்தேகத்தையும் சேர்த்து எழுதினார். அந்தப் பதிவைக் கொஞ்சம் பேர்தான் படித்தார்கள். ஊர் நாளிதழின் பத்தி எழுத்தாளர் ஒருவர் அதை எடுத்துப் பேசியதும் நாடு முழுவதும் பரவியது. எந்தச் சோதனைக்கும் தயார் என்று இபான்யெஸ் கொதித்துப் பேசினார். அவர் மீது எந்தக் குற்றமும் நிரூபணமாகவில்லை. இதில் பதிவர் மட்டும் குற்றவாளியா, எடுத்துப் பரப்பிய நாளிதழுக்குப் பங்கில்லையா என்று நம் உறுப்பினர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இரண்டு பக்கத்திலும் விட்டுப்போனது ஒன்றுதான்: அந்த மனிதரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

இந்த ஒரு வார்த்தை நம் சங்கத்துக்கும் உடனே தேவைப்பட்டது. ஒரு லீக் ஆட்டத்தில் இளம் வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் விதிக்கு மாறாகப் பந்தை வீசாமல் எறிகிறார் என்று நம் உறுப்பினர் போனில் எடுத்த துண்டு வீடியோவோடு எழுதத் தயாரானார். பள்ளிப் படிப்பே முடிக்காத பையன் அவன். நம் மூத்த நிருபர் ஒருவர் அவரைக் கூப்பிட்டு, முதலில் அம்பயரிடம் பேசு, அவன் பயிற்சியாளரிடம் பேசு, வீடியோ எந்தக் கோணத்தில் எடுத்தது என்று யோசி என்றார். அவர் பேசினார். அம்பயர்கள் இருவருக்குமே அந்தப் பந்துவீச்சில் சந்தேகம் இருக்கவில்லை. அந்தப் பதிவு வெளிவரவே இல்லை. இந்த ஆண்டு நம் சங்கம் செய்த சிறந்த வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இணையத்தில் ஒருமுறை ஒட்டிக்கொண்ட பெயர் அந்தப் பையனை எத்தனை தேர்வுகளுக்குத் துரத்தியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

அனுமதிச் சீட்டு யாருக்கு என்பதில் அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் அனுபவம் நமக்குப் பயன்பட்டது. 1908இல் தொடங்கிய அந்தச் சங்கம், இணையத்தில் மட்டும் எழுதுபவர்களை 2007 டிசம்பரில்தான் முதன்முதலாகச் சேர்த்தது. அப்போதும் ராப் நேயர், கீத் லா என்ற புகழ்பெற்ற இரண்டு எழுத்தாளர்கள் சேர்க்கப்படவில்லை. வேலைக்காக மைதானத்துக்கு வழக்கமாகப் போக வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை என்பது காரணம். அடுத்த ஆண்டே இருவரும் உள்ளே வந்தார்கள். மைதானத்துக்கு வருவது ஒரு நல்ல அளவுகோல்தான், ஆனால் அது ஒன்றே போதாது என்று அவர்களுக்கு ஓராண்டில் புரிந்துவிட்டது. கூடைப்பந்தில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணியின் அப்போதைய உரிமையாளர் மார்க் க்யூபன் 2008இல் பதிவர்களை உடைமாற்றும் அறையிலிருந்து விலக்கினார். பாதிக்கப்பட்டவர் ஒரு நாளிதழுக்காகப் பதிவு எழுதியவர். அந்த ஒரே மனிதரை நிருபர் என்பதா, பதிவர் என்பதா?

கிரிக்கெட்டுக்கு வந்தபோது கூட்டம் சூடு பிடித்தது. பதிவர்கள் நேற்று முளைத்தவர்கள் என்று சொல்பவர்களுக்கு கிரிக்இன்ஃபோ என்ற கிரிக்கெட் இணையதளத்தை நினைவூட்ட வேண்டியிருந்தது. 1993இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சைமன் கிங் தொடங்கியது அது. வெளிநாட்டில் இருந்த மாணவர்களும் ரசிகர்களும் சம்பளம் இல்லாமல் பந்துக்குப் பந்து ஸ்கோர் தட்டி வளர்த்தார்கள். அதை வளர்த்தவர்களில் நம் தமிழ்நாட்டின் பத்ரி சேஷாத்ரியும் ஒருவர். 2003இல் விஸ்டன் குழுமமும் 2007இல் ஈ.எஸ்.பி.என். நிறுவனமும் அதை வாங்கின. இன்று பத்திரிகை நிருபர்களே ஸ்கோர் சரிபார்க்க அங்கேதான் போகிறார்கள்.

இங்கிலாந்தில் டேனியல் நார்கிராஸ் 2009இல் டெஸ்ட் மேட்ச் சோஃபா என்ற பெயரில், வீட்டில் தொலைக்காட்சி பார்த்தபடியே இணையத்தில் வர்ணனை சொல்லத் தொடங்கினார். மைதானத்தில் காசு கொடுத்து உரிமை வாங்கியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. பி.பி.சி.யின் ஜோனதன் ஆக்னியூ வெளிப்படையாகவே சாடினார். பிறகு அதே நார்கிராஸ் பி.பி.சி.யின் டெஸ்ட் வர்ணனைக் குழுவில் இடம்பெற்றார். நம் ஊர்ப் பந்தலிலிருந்து எழுப்பப்பட்டவரும் ஒரு நாள் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளக்கூடும்.

இதற்கு நேர்மாறான கதையும் நம்மிடம் உண்டு. 2009இல் ஐ.பி.எல். தென்னாப்பிரிக்காவில் நடந்தபோது, கொல்கத்தா அணிக்குள்ளிருந்து எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு பெயரில்லாப் பதிவு வந்தது. நாளிதழ்கள் அதன் கிசுகிசுக்களை எடுத்துப் போட்டன. யார் எழுதுவது என்று வீரர்கள் மீதே சந்தேகம் விழுந்தது. 2010இல் அனுபம் முகர்ஜி என்பவர் தானே எழுதியதாக வெளியே வந்தார். அவர் எந்த அணியிலும் ஆடியவர் இல்லை. பெயர் போடாமல் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்று நம் விதிமுறையில் இந்த ஆண்டு சேர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசிக் கூட்டத்தில்தான் எனக்கு முக்கியமாகப் பட்ட ஒன்று வெளியே வந்தது. 2024 டிசம்பரில் பிரிஸ்பேன் டெஸ்ட் முடிந்ததும் நம் அஸ்வின், ரோகித் சர்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓய்வை அறிவித்தார். கேள்விகளை எடுத்துக்கொள்ளாமல் எழுந்து போனார். அவருக்கு அந்த உரிமை உண்டு. அவர் மீது குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவருடைய யூடியூப் சேனலில் ஆட்ட நுணுக்கங்களை அவர் பேசுவது போல எந்த நிருபரும் எழுதிவிட முடியாது. ஆனால் வீரரும் அணியும் வாரியமும் தங்கள் சேனலில் தாங்களே பேசிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. 2013இல் சூதாட்ட விவகாரம் வெடித்து, சென்னை அணி 2016, 2017 என இரண்டு ஆண்டுகள் விலக்கி வைக்கப்பட்டதே, அது போன்ற ஒன்று நாளை நடந்தால் எந்த அணியின் சேனல் அதைக் கேட்கும்? எதிரே உட்கார்ந்து, பிடிக்காத கேள்வியைக் கேட்கும் ஆள் வேண்டும். அவர் கையில் நோட்டு இருக்கிறதா, போன் இருக்கிறதா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். நிருபரும் பதிவரும் நாற்காலிக்காக மோதிக்கொண்டிருக்கும்போது, கேள்வி கேட்கும் அறையே காலியாகிக்கொண்டிருக்கிறது.

சரி, என்ன செய்தோம்? வட்டாரப் போட்டி நடத்துபவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினோம். நிருபர் இடம் கொடுக்கும்போது எந்த ஊடகம் என்று பார்க்காமல், ஆட்டம் முழுவதும் இருப்பவரா, சொந்தப் பெயரில் எழுதுபவரா, தவறு வந்தால் அதே இடத்தில் திருத்தம் போடுபவரா என்று பாருங்கள் என்று கேட்டிருக்கிறோம். சிலர் ஒப்புக்கொண்டார்கள். கோடையில் நம் பையன்களை எழுப்பியவர்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. மீண்டும் நேரில் போய்ப் பேசுவோம்.

கீழ் டிவிஷன் லீக் ஆட்டங்களுக்கு ஒரு மூத்தவரும் ஓர் இளையவரும் சேர்ந்து போகும் ஏற்பாட்டையும் தொடங்கினோம். ஒரு காலத்தில் இந்த ஆட்டங்களின் சுருக்க ஸ்கோருக்கு நாளிதழில் இடம் இருந்தது. தன் பெயரை அச்சில் பார்த்துவிட்டு அதை வெட்டி வைத்துக்கொண்ட ஆட்டக்காரர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். இப்போது ஸ்கோர் இணையத்தில் கிடைக்கிறது, ஆனால் அந்த 60 ரன் எப்படி வந்தது, ஆடுகளம் எப்படி இருந்தது என்று எழுத ஆளில்லை. மூத்தவர்கள் ஸ்கோர் புத்தகம் படிக்கவும் பயிற்சியாளரிடம் பேச்சுக் கொடுக்கவும் கற்றுத்தருகிறார்கள். இளையவர்கள் அதே மாலையில் போட்டோவோடு வெளியிடுகிறார்கள். சங்கத்துக்குக் கடிதம் கொடுத்த மூத்தவர்களில் ஒருவரும், அந்தக் கடுமையான பதிவை எழுதியவரும் இப்போது ஒரே ஜோடி. அவர்களாகவே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு இது.

இனி மற்றவை. பள்ளி மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டி வழக்கம்போல் நடந்தது. நூலகத்துக்குப் பழைய ஸ்போர்ட்ஸ்டார் இதழ்கள் நன்கொடையாக வந்தன. பைண்டிங் செய்ய வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே செலுத்திவிட்டால் உதவியாக இருக்கும். கூட்டம் நடத்த அறை கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கும், ஒவ்வொரு கூட்டத்திலும் காபி கவனித்துக்கொண்ட நண்பருக்கும் நன்றி.

இந்தப் பொதுக்குழுவின் முன் இரண்டு தீர்மானங்கள் உள்ளன. இணையத்தில் எழுதும் உறுப்பினர்களுக்குச் செயற்குழுவில் இரண்டு இடங்கள் ஒதுக்குவது ஒன்று. யார் மீதாவது குற்றச்சாட்டு எழுதும்போது அவரிடம் முதலில் விளக்கம் கேட்டிருக்க வேண்டும் என்பதை நிருபர், பதிவர் என்ற பேதமில்லாமல் எல்லா உறுப்பினருக்கும் கட்டாயமாக்குவது இன்னொன்று. இரண்டையும் செயற்குழு ஒருமனதாகப் பரிந்துரைக்கிறது. தீர்மானங்களை விவாதத்துக்கும், இந்த அறிக்கையை உங்கள் ஒப்புதலுக்கும் வைக்கிறேன்.

செயலாளர்