ரீச்சர் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம்தானேம்மா? “ஒரே ஒரு எபிசோடு பாருங்கப்பா” என்று நீ சொன்ன ‘ரீச்சர்’ ஆங்கில சீரியலை ஆரம்பித்து, மூன்று எபிசோடு முடித்துவிட்டேன். அம்மா தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்க்கிறேன். அடிதடிப் படம் ஓடினால் டிவியை நிறுத்தச் சொல்லி உன்னை எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன்! அதனால் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்.

ஆரம்பக் காட்சியே என்னைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில், மார்கிரேவ் என்கிற சின்ன ஊர். கதாநாயகன் ரீச்சர் பஸ்ஸிலிருந்து இறங்கி வெறுங்கையோடு நடந்து வருகிறான். சாப்பாட்டுக் கடை வாசலில் ஒருத்தன் தன் காதலியை மிரட்டிக்கொண்டிருக்கிறான். ரீச்சர் போய் எதிரில் நிற்கிறான், அவ்வளவுதான். கை ஓங்கவில்லை, பேசவும் இல்லை. அந்தப் பார்வைக்கே மிரட்டியவன் சுருண்டு, அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான். பிறகு ரீச்சர் உள்ளே போய் உட்கார்ந்து, முன்னால் வைத்த பலகாரத்தில் ஒரு வாய் எடுப்பதற்குள் போலீஸ் வந்து கொலைக் குற்றவாளி என்று பிடித்துப்போகிறது. அப்போதும் வாய் திறப்பதில்லை. போலீஸ் துப்பறிவாளர் ஃபின்லே விசாரிக்க உட்கார்ந்த பிறகு பேசுகிறான் பார், அவருடைய படிப்பு, விவாகரத்து, சிகரெட்டை விட்டது எல்லாவற்றையும் ஆளைப் பார்த்தே சொல்லிவிடுகிறான். எனக்குச் சண்டையைவிட அந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

ஜெயில் குளியலறைச் சண்டையில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன். எலும்பு முறியும் சத்தத்துக்குச் செலரிக் கீரைத் தண்டை மைக் முன்னால் முறுக்கி உடைப்பார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். தெரிந்தும் உடம்பு கூசியது. அவ்வளவு பேரை அடித்துப் போட்டவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அது எனக்கு உறுத்துகிறது, இப்போதும். ஆனால் அடுத்த எபிசோடைப் போடாமல் இருக்க முடியவில்லை. செத்தது அவனுடைய சொந்த அண்ணன் என்று தெரிகிற இடத்தில் யாரால் எழுந்து போக முடியும்?

ஆலன் ரிட்ச்சன் இந்த வேஷத்துக்கென்றே பிறந்தவர் மாதிரி இருக்கிறார். கதையில் ரீச்சர் ஆறடி ஐந்து அங்குலம். 2012-லும் 2016-லும் வந்த படங்களில் டாம் குரூஸ் நடித்தபோது, புத்தகம் படித்தவர்கள் உயரத்தைச் சொல்லித்தான் குறைப்பட்டார்கள். இந்த சீரியல் 2022 பிப்ரவரியில் வந்திருக்கிறது. நான்தான் இத்தனை நாள் கழித்து வந்து சேர்ந்திருக்கிறேன்.

அப்புறம், இந்த சீரியலுக்கு மூலமான நாவலை எழுதியவரைப் பற்றித் தேடிப் படித்தேன். லீ சைல்ட் என்பது புனைபெயர். இங்கிலாந்தில் கிரனாடா டெலிவிஷனில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். 1995-ல், நாற்பது வயதில், ஆட்குறைப்பில் வேலை போயிருக்கிறது. பேப்பரும் பென்சிலும் வாங்கிவந்து உட்கார்ந்து எழுதிய முதல் நாவல்தான் இந்தக் கதை. 1997-ல் வெளிவந்தது.

அதைப் படித்ததும் எனக்கு ஏதோ விளங்கியது. நீ ஏழாவது படிக்கும்போது என் வேலை போனது ஞாபகம் இருக்கும். காலையில் வழக்கம்போல சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவேன், போக இடம் இருக்காது. உன் ஃபீஸ், கடன், யாரைப் பார்த்தாலும் கேட்கும் “இப்ப எங்க இருக்கீங்க?” என்ற கேள்வி. ரீச்சருக்கு அந்தக் கேள்வியே இல்லை. வீடில்லை, முதலாளி இல்லை. சட்டைப் பையில் மடக்கும் டூத்பிரஷ் ஒன்று. ராணுவப் போலீஸில் மேஜராக இருந்தவன், இப்போது யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. வேலை போன ஒருத்தர் ராத்திரியில் உட்கார்ந்து இப்படி ஒருவனை நினைத்துப் பார்த்திருக்கிறார் என்றால், அது எனக்குப் புரிகிறது பாப்பா. அந்த வருஷம் நானும் இப்படி ஒருவனாக இருக்க ஆசைப்பட்டிருப்பேன். ஆனால் சாயந்தரம் நீ ஸ்கூல் விட்டு வருவாய், நான் வீட்டில் இருக்க வேண்டும். அதனால் திரும்பி வந்துவிடுவேன்.

இதையெல்லாம் உன்னிடம் அப்போது சொல்ல முடியவில்லை. ஒரு அடிதடி சீரியலைச் சாக்காக வைத்து இப்போது சொல்கிறேன்.

சரி, முதல் சீசனின் எட்டு எபிசோடில் இன்னும் ஐந்து இருக்கிறது. நாலாவதைத் தொடாமல் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி உனக்கு வேலை இல்லையென்றால் போன் பண்ணு. நீ அங்கே போடு, நான் இங்கே போடுகிறேன். அந்தப் பெண் போலீஸ் ரோஸ்கோவுக்கு என்ன ஆகும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதே.

அன்புடன்,
அப்பா