இரும்புச் சேலைன் ஏற்றுமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

மட்டக்களப்பில் கர்ப்பவதிக் கிளினிக்கும் பிரசவ வார்டும் பார்க்கிற டொக்டர்மாருக்கும் நேர்ஸ்மாருக்கும்,

போன வருஷம் மகன் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது எனக்கு இரத்தம் குறைவு, ஹீமோகுளோபின் (எச்.பி.) 8.2தான். இரும்புக் குளிசை விழுங்கினால் சத்தி, அதனால் வார்டில் வைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் இரும்பு மருந்தைச் சேலைனாக நரம்பில் ஏற்றினார்கள். அது தேவைதான், பிள்ளைப்பேற்றில் இரத்தம் போனால் தாங்குவதற்கு உடம்பில் ஏதாவது இருக்க வேண்டுமே. ஆனால் ஏற்றினால் என்ன செய்யும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முதல் நாள் பத்து நிமிஷத்தில் பழைய சில்லறைக் காசைச் சூப்பின மாதிரி வாயெல்லாம் ஒரு ருசி. பக்கத்துக் கட்டில் அக்கா "எனக்கும் அப்படித்தான் மகள்" என்ற பிறகுதான் பயம் தெளிந்தது. இரண்டாம் தரம் சேலைன் ஏற்றுகிற கனுலா ஊசி குத்தின இடம் எரிந்து வீங்கியது. மருந்தென்றால் எரியும்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். எரிந்தால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும், மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலில் கறை பிடித்துவிடும் என்பதெல்லாம் பிறகு தெரிந்த சங்கதி. பிளேன்ரீ ஊற்றின மாதிரி அந்தக் கறை இன்னும் கையில் இருக்கிறது, தவழ்கிற என் மகன் அதைத்தான் சுரண்டிப் பார்க்கிறான்.

கடைசித் தரம் முடிந்து வந்த மறுநாள் காய்ச்சல், மூட்டெல்லாம் உளைவு. மாமி டெங்கு என்று அழத் தொடங்க, ஓட்டோ பிடித்துக் கிட்டடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். என்ன மருந்து, எவ்வளவு ஏற்றினது என்று டொக்டர் கேட்டார். கார்டில் 'ஐ.வி. அயன்' (நரம்பில் ஏற்றும் இரும்பு) என்று மட்டும் கிறுக்கியிருந்தது. சோதித்தால் டெங்கு இல்லை. சிலருக்கு நாலு நாளுக்குள் இப்படிக் காய்ச்சலும் உளைவும் வந்து தானாகப் போகும் என்று அவர்தான் முதன்முதலாகச் சொன்னார். கர்ப்பவதிக்குக் காய்ச்சல் என்றால் காட்டத்தான் வேண்டும், சரி. ஆனால் காட்டப் போகிறவளுக்குச் சொல்ல ஒரு மருந்துப் பெயராவது வேண்டாமா?

அதனால், கார்டில் பெயரையும் எத்தனை மில்லிகிராம் என்பதையும் எழுதுங்கள். 200 வீதம் பல தரம் ஏற்றுவதும் உண்டு, 1000 ஒரே தரத்தில் ஏற்றுவதும் உண்டு, ஃபெரிக் கார்பொக்சிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தென்றால் இரத்தத்தில் பொஸ்பேட் என்ற உப்பும் குறையலாம். தலையிடி, ஓங்காளம் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். நெஞ்சு இறுகினால், மூச்சு முட்டினால், உடம்பெல்லாம் கடித்து அரித்தால் வெட்கப்படாமல் கூப்பிடு என்றும் சொல்லுங்கள். கடும் ஒவ்வாமை அரிதுதான், அதற்காகத்தானே முடிந்த பிறகும் அரை மணித்தியாலம் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது. குருமண்வெளியில் வாவி கடக்கிற பாதைப் படகு போய்விடும் என்று நாங்களே அவசரப்படுவோம், விடாதீர்கள். வீட்டில் மூச்சு முட்டினால் 1990 அம்புலன்சுக்கு அடிக்கச் சொல்லுங்கள்.

என் தங்கச்சிக்கு இப்போது ஆறாம் மாதம். வருகிற கிழமை அவளுக்கும் ஏற்றப் போகிறார்கள். நானும் கூட வருவேன், இதையெல்லாம் கட்டிலடியில் நின்று கேட்பேன், ஏசாதீர்கள்.

மண்டூர்ப் பக்கத்துத் தாய் ஒருத்தி